இருபது நிமிடம் பின்னால்

ஜூன் 11, செவ்வாய்

குறிச்சிமேடு அரசு உயர்நிலைப் பள்ளியின் முன்னாள் தலைமையாசிரியர் கு. சென்னியப்பன் இன்று அதிகாலை 5.10 மணிக்குத் தன் வீட்டில் காலமானார். வயது 86. தகவல் தந்தவர் மகள் பூங்கோதை, தொலைபேசியில், காலை 6.25. உறுதிசெய்தவர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், 7.05.

ஐந்து வரிச் செய்தி அனுப்பினேன். ஓய்வு பெற்று ஏழு ஆண்டாகியும் இந்தப் பக்கத்து இறப்புச் செய்திகள் என் வழியாகவே பத்திரிகைக்குப் போகின்றன. மாவட்டப் பதிப்பின் செய்தி ஆசிரியர் ஷர்மிளா திரும்ப அழைத்தார்.

"நினைவுக் கட்டுரை ஒண்ணும் குடுத்துடுங்க சார். அறுநூறு வார்த்தை. ஞாயித்துக்கிழமை போட்டுக்கலாம். அவர உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும் என்றேன்.

மயானத்தில் எல்லாம் முடிந்தது மாலை 4.20. கூட்டம் சுமார் நானூறு. மலைக் கிராமங்களிலிருந்து இரண்டு வேன்கள் வந்திருந்தன. வேனில் வந்தவர்கள் சிதைக்கு அருகில் வரவில்லை. வேலியோரம் வரிசையாக நின்றார்கள். வரிசையை யாரும் ஒழுங்குபடுத்தியதாகத் தெரியவில்லை.

சிலிண்டர் வந்தது. மூடி இறுக்கமாக இருந்ததால் பக்கத்து வீட்டுக்காரர் திறந்து கொடுத்தார்.

ஜூன் 12, புதன்

கட்டுரைக்குத் திரட்டியவை.

பிறப்பு 1938. தந்தை நெல் அரவை ஆலையில் எடை போடுபவர். 1960-இல் ஓராசிரியர் பள்ளி ஒன்றில் முதல் பணி. 1975 ஜூனில் குறிச்சிமேட்டுக்குத் தலைமையாசிரியராக வந்தார். அப்போது மாணவர் 212. அவர் போகும்போது 468. இரண்டு எண்களையும் பள்ளிப் பதிவேட்டில் பார்த்தேன்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளையும் 'நீங்க' என்றுதான் அழைப்பார். ஒன்பது பேர் சொன்னார்கள். பிரம்பு மேசையில் இருக்கும், எடுத்ததில்லை என்று எட்டுப் பேர் சொன்னார்கள். ஒன்பதாமவர், இப்போது உரக்கடை வைத்திருப்பவர், தன் மீது இரண்டு முறை பட்டது என்றார். "ரெண்டாவது தடவ நியாயமானதுங்க. மொத தடவ பக்கத்துல இருந்தவனுக்கு விழ வேண்டியது."

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை மலை அடிவாரத்தில் போட்டுவிட்டு மேல்கோம்பை வரை நடந்து போவார். பள்ளிக்கு வராத பிள்ளைகளின் வீட்டு வாசலில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடிப்பார். படிப்பைப் பற்றி ஒரு சொல்லும் பேசமாட்டார். திங்கட்கிழமை அந்தப் பிள்ளை வந்துவிடும். இது மூன்று பேர் தனித்தனியே சொன்னது.

1986 மார்ச் 26. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வினாத்தாள் உறையை உரிய நேரத்துக்கு இருபது நிமிடம் முன்பே பிரித்ததாக மறுநாள் செய்தி வெளியானது. விசாரணை நடந்தது. கண்டனமும் இடமாற்றமும் பெற்றார். செய்தி எங்கள் பத்திரிகையில் வந்தது, முதல் பக்கம், கீழ்ப் பாதி. 'நமது நிருபர்' என்று போட்டிருக்கிறது.

ஜூன் 13, வியாழன்

கட்டுரை 410 வார்த்தை. 1986-இல் நிற்கிறது.

ஜூன் 14, வெள்ளி

பூங்கோதை வரச் சொன்னார். அவருக்கு வயது 57, தனியார் கல்லூரியில் நூலகர். சடங்குக்கு வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அவர் ஒரு கடிதத்தை நீட்டினார்.

பள்ளியில் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து நான்கு வகுப்பறைகள் கட்டியிருக்கிறார்கள். ஜூலை 15, கல்வி வளர்ச்சி நாளில் திறப்பு. கட்டடத்துக்குச் சென்னியப்பன் பெயர் வைக்க மார்ச் மாதமே அனுமதி கேட்டிருந்தார்கள். கல்வி அலுவலகத்தின் பதில் ஜூன் 12 தேதியிட்டு வந்திருக்கிறது, அவர் இறந்த மறுநாள். முன்மொழியப்பட்டவர் 'பொதுத்தேர்வு முறைகேடு தொடர்பான ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர்' என்பதால் பரிசீலிக்க இயலவில்லை. மறுப்பு இருந்தால் ஆதாரத்துடன் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம். அதாவது ஜூலை 12.

"கட்டடத்துக்குப் பேரு வெக்காட்டியும் போகுதுங்க" என்றார் பூங்கோதை. "ஆனா அப்பா முப்பத்தாறு வருசம் வேல பாத்த அந்த ஆபீசுல, அவரப் பத்தி இருக்கற கடைசி வரி இதுதானுங்களே. இத மாத்தணும். உங்களால ஆகும்னு நெனைக்கறேன்."

"நான் பத்திரிகைக்காரன்மா. ஆபீசுல எனக்கு என்ன செல்வாக்கு?"

"செல்வாக்கு கேக்கலீங்களே" என்றார்.

கடிதத்தைப் படம் எடுத்துக்கொண்டேன். காப்பி கொடுத்தார். சர்க்கரை இல்லாமல் கேட்க மறந்து குடித்துவிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

கட்டுரை வந்தது. 580 வார்த்தை. 1986 பற்றிய வரி: 'அவ்வாண்டு அவர் வேறு பள்ளிக்கு மாறினார்.'

மாற்றப்பட்டார் என்பதே சரி. மாறினார் என்று எழுதியது நான்தான்.

ஜூன் 18, செவ்வாய்

மயில்சாமியைப் பார்த்தேன். பள்ளியில் முப்பது ஆண்டு பியூனாக இருந்தவர். வயது 78. மகனின் மாவு மில்லில் வாசல் பக்கம் உட்கார்ந்து சீட்டுக் கொடுக்கிறார். புருவம் வரை மாவு.

"வாங்க தம்பி. கட்டுரை படிச்சனுங்க. மோரு குடிச்சதெல்லாம் எழுதிருக்கீங்க. அவருக்கு மோரே ஆகாது. அவிய மனசு நோகக் கூடாதுன்னு குடிச்சுட்டு வந்து ரெண்டு நாளைக்குத் தும்முவாரு."

தேர்வு நாளைப் பற்றிக் கேட்டேன்.

"உறை பிரிச்சப்ப நீங்க அங்க இருந்தீங்களா?"

"நாந்தானுங்க கத்திரி எடுத்துக் குடுத்தது."

"மணி என்ன இருக்கும்?"

"எந்த மணிங்க?"

"எந்த மணின்னா?"

"ஊரு மணியா, பள்ளிக்கூடத்து மணியாங்க?"

அவர் சொன்னதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

மலையிலிருந்து காலையில் இறங்கும் வண்டி ஒன்றுதான், ஆறாம் நம்பர். முக்குரோட்டில் 9.35-க்கு நிற்கும். அங்கிருந்து பள்ளிக்குப் பத்து நிமிட நடை. பள்ளி மணி 9.30. பிந்தி வந்தால் காலை வருகை கிடையாது. வருகை குறைந்தால் பொதுத்தேர்வு எழுத முடியாது. 1975 ஜூனில் மலையிலிருந்து பத்தொன்பது பிள்ளைகள் வந்தார்கள். தீபாவளிக்கு எட்டுப் பேர். சென்னியப்பன் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஐந்து மனுவும் கல்வி அலுவலகத்துக்கு நான்கு மனுவும் எழுதினார். ஒரு பள்ளிக்காக வண்டியின் நேரத்தை மாற்ற முடியாது என்றது ஓர் அலுவலகம். ஒரு வண்டிக்காகப் பள்ளியின் நேரத்தை மாற்ற முடியாது என்றது மற்றது.

"டிசம்பர் மாசம் ஒரு திங்கக்கெழம. ஸ்டூல் போடச் சொன்னாரு. நாந்தான் புடிச்சுக்கிட்டேன். 'மயில்சாமி, கடிகாரம் கெட்டுப்போச்சு'ன்னாரு. 'இல்லீங்களே சார், நல்லா ஓடுதுங்களே'ன்னேன். 'கெட்டுப்போச்சுன்னு நான் சொல்றேன்'னாரு. முள்ளத் திருப்பி இருவது நிமிசம் பின்னால வெச்சாரு. அப்பறம் பத்து வருசம் அது கெட்டுப்போயே இருந்துச்சுங்க."

"வாத்தியார்கள் யாரும் கேக்கலியா?"

"காலையில இருவது நிமிசம் மெதுவா வரலாம்னா எந்த வாத்தியாரு கேப்பாருங்க? சாயங்காலம் இருவது நிமிசம் தள்ளி விடறப்பதான் மொணமொணப்பாங்க. ஒரு நிமிசம் கொறைக்க மாட்டாரு."

தேர்வு நாட்களில் மட்டும் மணி அடிப்பது அவருடைய கைக்கடிகாரப்படி. மலைப் பிள்ளைகள் அந்த வாரம் பள்ளியிலேயே தங்கிக்கொள்வார்கள். சுவர்க் கடிகாரத்தைத் தொடுவதில்லை. தொட்டால் திரும்ப வைக்கும்போது முன்னப்பின்ன ஆகிவிடும்.

"அப்ப உறை பிரிச்சது?"

"சரியா ஒம்பதே முக்காலுங்க, ஊரு மணிக்கு. ரூல் படி. ரெண்டு வாத்தியாருங்க பாத்து, நேரம் போட்டுக் கையெழுத்து வெச்சாங்க. செவுத்துல மட்டும் ஒம்பது இருவத்தஞ்சு காட்டிட்டு இருந்துச்சு."

"இத விசாரணையில சொல்லியிருக்கலாமே."

அவர் சீட்டு ஒன்றைக் கிழித்து ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

"ஆபீசரு வர்ற அன்னிக்குக் காலைல ஏழு மணிக்கே வந்துட்டாருங்க. 'கடிகாரத்தச் சரியா வெச்சுரு'ன்னாரு. எனக்குக் கை ஓடல. 'சார், இது பின்னால ஓடறதக் காமிச்சாத்தான் நீங்க தப்பிக்க முடியும்'னேன். 'மலைப் புள்ளைங்க ஏழு பேரு பரிச்ச எழுதிருக்காங்க. கடிகாரத்தக் காமிச்சா வருகைப் பதிவேட்டக் கேப்பாங்க. அப்பறம் அவிய பேப்பரு திருத்தறவரைக்கும் போகாது'ன்னாரு. நாந்தான் முள்ளத் திருப்புனேன். ஆபீசரு வந்ததும் மொதல்ல செவுத்தப் பாத்தாரு, அப்பறம் தன்னோட வாச்சப் பாத்தாரு. ஒரு நிமிசம் வித்தியாசமில்ல. கடிகாரம் சரியாத்தான் இருக்குது, அதனால பேப்பர்ல வந்த நேரமும் சரிதான்னு எழுதிக்கிட்டாரு. கையெழுத்துப் போட்ட வாத்தியாருங்க ஹெட்மாஸ்டருக்குப் பயந்து பொய் சொல்றாங்கன்னுட்டாரு. நீங்களும் பக்கத்துலதான தம்பி நின்னுட்டு இருந்தீங்க."

மில் சத்தத்தில் கடைசி வாக்கியம் சரியாகக் கேட்கவில்லை என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

கேட்டது.

ஜூன் 19, புதன்

பரணில் ஏறினேன். பழைய குறிப்பேடுகள் ஆண்டுவாரியாகக் கட்டியிருந்தன. 1986, இரண்டாவது கட்டு. மார்ச் 26 பக்கம்: 'குறிச்சி. மையம். அலுவலக ஜன்னல். உறை பிரிப்பு 9.25 சு.க. விதி 9.45.'

சு.க. என்றால் சுவர்க் கடிகாரம்.

அச்சான செய்தியில் 'சுவர்க் கடிகாரப்படி' என்ற சொல் இல்லை. 'காலை 9.25 மணிக்கே' என்று மட்டும் இருக்கிறது. இடம் போதாமல் டெஸ்க்கில் நீக்கியிருப்பார்கள். அப்போது அது வழக்கம்.

இறங்கும்போது ஏணியின் மூன்றாம் படி ஆடியது. ஆணி அடிக்க வேண்டும்.

ஜூன் 20, வியாழன்

நான் அனுப்பிய செய்தியின் கார்பன் பிரதி கிடைத்தது. அதிலும் அந்தச் சொல் இல்லை.

ஜூன் 22, சனி

பூங்கோதை வீட்டுக்குப் போய் மயில்சாமி சொன்னதைச் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடையவில்லை.

"எனக்குத் தெரியுமுங்க. அப்பா சொல்லிருக்காரு. வெளிய சொல்லக் கூடாதுன்னும் சொல்லிருக்காரு. அந்த ஏழு பேரும் பென்சன் வாங்கட்டும், அப்பறம் ஊருக்கே சொல்லலாம்பாரு. மூணு பேரு எறந்துட்டாங்க. ரெண்டு பேரு திருப்பூர்ல. ஒருத்தரு வனத்துறையில இருந்து போன வருசம் முன்கூட்டியே ரிட்டயர்டு வாங்கிட்டாரு. இன்னும் சர்வீஸ்ல இருக்கறது ஒருத்தர்தான். சிக்கம்மா. மேல்கோம்பையில நர்ஸ்."

"அவங்கள விட்டுட்டு எப்படி நிரூபிக்கறது? கடிகாரம் ஏன் பின்னால ஓடுச்சுன்னு ஆபீசுல கேப்பாங்களே."

"அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டேன்."

குறிப்பேட்டை மூடினேன்.

"அந்தச் செய்திய நீங்கதான எழுதுனீங்க. அப்பா போனதும் மொத போன் உங்களுக்குத்தான் பண்ணுனேன். பெரியப்பாவுக்குக்கூட ரெண்டாவதுதான்."

"உங்க அப்பாவுக்குத் தெரியுமா?"

"என்னங்க இப்பிடிக் கேக்கறீங்க? விசாரணையில எதிர்ல நின்னு சொன்னவர் நீங்க. ஆனா உங்க பேர எடுத்துத் திட்டுனது கெடையாது. உங்க செய்தி வந்தா மட்டும் சத்தமாப் படிக்கச் சொல்லுவாரு. 'நேரம் போட்டிருக்கானா பாரு'ம்பாரு. நெறய நேரம் போட்டிருப்பீங்க."

பிறகு கேட்டார்: "அன்னிக்கு உங்க கையில வாச்சு இருந்துச்சுங்களா?"

நினைவில்லை என்றேன்.

ஜூன் 23, ஞாயிறு

ஆல்பத்தில் 1986 பொங்கல் நிருபர்கள் கூட்டப் படம். இரண்டாம் வரிசை, இடமிருந்து நான்காவது நான். கை கட்டி நிற்கிறேன். இடது மணிக்கட்டில் கடிகாரம்.

ஏணிக்கு ஆணி அடித்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

மேல்கோம்பை போனேன். இப்போது மூன்று வண்டிகள். ஒன்றரை மணி நேரம்.

துணை சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாள். கிராம சுகாதாரச் செவிலியர் சிக்கம்மா, வயது 54. உத்தரத்தில் தொங்கிய தராசில் ஒரு குழந்தை தொட்டிலில் கிடப்பதுபோல் கிடந்தது. அவர் வேலையை நிறுத்தவில்லை.

"பெரிய சார் காரியத்துல பாத்தேனுங்க. பத்திரிகைக்காரருன்னு சொன்னாங்க. ஆறு நானூறு. எழுதிக்கம்மா. போன மாசத்துக்கு எரநூறு கூட."

நான் ஏன் வந்தேன் என்பதைச் சொன்னேன். அந்தச் செய்தியை எழுதியவன் நான் என்பதையும் சொன்னேன். அவர் அடுத்த குழந்தையைத் தூக்கினார்.

"இருவது நிமிசத்தத் திருப்பிக் குடுக்க முப்பத்தெட்டு வருசம் ஆச்சுங்களா அண்ணா?"

காத்திருந்த பெண்களில் இருவர் சிரித்தார்கள். எதற்கென்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அவர் சிரிக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு உட்கார்ந்தார். "எனக்கு ஆறு வருசம் சர்வீஸ் இருக்குதுங்க. பையன் பாலிடெக்னிக் ரெண்டாம் வருசம். என் பத்தாவது சர்ட்டிபிகேட்டு மேலதான் எல்லாமே நிக்குது. வருகையே பொய்யின்னு ஒருத்தன் ஒரு பேப்பர எடுத்தா, நான் எங்க போய் நிக்கறது?"

"உங்க பேரு வராதுங்க."

"மலையிலிருந்து அந்த வருசம் எழுதுன ஏழு பேருன்னு போட்டா, பேரு போட்ட மாதிரிதானுங்க. இங்க யாருக்குத் தெரியாது?"

சரி என்றேன். கீழ்வண்டி 3.10-க்கு. நிறுத்தம் வரை கூட வந்தார். வண்டி வரும்போது கேட்டார்: "சாரு பேரு நெசமாவே போட மாட்டாங்களா?"

சட்டப்படி அவருக்கு ஆபத்து உண்டா என்று மாலையில் இரண்டு பேரிடம் கேட்டேன். வழக்கறிஞர், ஆபத்து இல்லை என்றார். ஓய்வு பெற்ற அதிகாரி, கோப்பு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றார்.

ஜூன் 28, வெள்ளி

திருத்தம் எழுதி அனுப்பினேன்.

'1986 மார்ச் 27 அன்று இந்நாளிதழில் வெளியான செய்தியில், குறிச்சிமேடு தேர்வு மையத்தில் வினாத்தாள் உறை காலை 9.25 மணிக்குப் பிரிக்கப்பட்டதாகக் கூறப்பட்டிருந்தது. அது பள்ளியின் சுவர்க் கடிகாரம் காட்டிய நேரம். அந்தக் கடிகாரம் சரியாக ஓடியதா என்பதைச் செய்தியாளர் சரிபார்க்கவில்லை. தவறுக்கு வருந்துகிறோம்.'

ஷர்மிளா அழைத்தார். "சார், முப்பத்தெட்டு வருஷத்துக்கு அப்புறம் திருத்தமா? வருமான வரிக்காரன்கூட இவ்வளவு பின்னாடி போக மாட்டான்."

"போட முடியுமா முடியாதா?"

"போடறேன். எடிட்டர்கிட்ட கேட்டுட்டேன். யாரு சார் அந்த நிருபர்? இருக்காரா?"

"நான்தாம்மா."

கீபோர்டு ஒலி கேட்டது.

"'சரிபார்க்கவில்லை'. இது போதுமா சார்?"

போதும் என்றேன்.

ஜூலை 1, திங்கள்

ஏழாம் பக்கம், நாலாவது பத்தியின் அடியில் வந்திருக்கிறது. பூங்கோதை படித்துவிட்டதாகச் செய்தி அனுப்பினார். வேறு எதுவும் எழுதவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

பத்திரிகையை எடுத்துக்கொண்டு பூங்கோதையும் நானும் கல்வி அலுவலகம் போனோம். கண்காணிப்பாளர் ஐம்பது வயதுக்காரர், பொறுமையாகப் படித்தார். இரண்டு முறை.

"இதுல நிருபர் சரிபார்க்கலைன்னுதான் இருக்குது. கடிகாரம் தப்புன்னு இல்லீங்களே. விசாரணை அதிகாரி கடிகாரத்தப் பாத்து, சரியா இருக்குன்னு அவரே எழுதிருக்காரு." கோப்பைத் திருப்பிக் காட்டினார். எழுதியிருந்தது. "அன்னிக்கு உண்மையான மணி 9.45-தான்னு சொல்ல ஆள் வேணும். இல்ல, கடிகாரம் பின்னால ஓடுச்சுன்னு சொல்ல ஆள் வேணும்."

"மயில்சாமின்னு பியூன் இருக்காருங்க" என்றார் பூங்கோதை.

"அவர் ஹெட்மாஸ்டர் சொன்னத செஞ்சவருமா. அவர் வாக்குமூலம் நிக்காது. ரெண்டு வாத்தியாருங்களும் காலமாயிட்டாங்க. பள்ளிக்கூடத்துல அப்ப படிச்சவங்க யாராவது எழுதிக் குடுத்தா யோசிக்கலாம்."

வெளியே வந்ததும் பூங்கோதை சொன்னார்: "சிக்கம்மாகிட்ட நான் கேக்க மாட்டேனுங்க. நீங்களும் மறுபடி போகாதீங்க."

போகமாட்டேன் என்றேன். பேருந்து நிலையம் வரை நடந்தோம். அவர் வண்டி முதலில் வந்தது.

ஜூலை 3, புதன்

தண்ணீர் வரும் நாள். தொட்டி நிறைய ஐம்பது நிமிடம்.

ஜூலை 5, வெள்ளி

கண்காணிப்பாளர் காலை 10.40-க்கு அழைத்தார். மேல்கோம்பையிலிருந்து ஒரு பதிவுத் தபால் வந்திருக்கிறது. மூன்று பக்கம், கைப்பட. எழுதியவர் சிக்கம்மா, கிராம சுகாதாரச் செவிலியர். தலைப்பில் பணியாளர் எண்ணும் போட்டிருக்கிறார். முதல் வரியைப் படித்துக் காட்டினார்: '1986-இல் குறிச்சிமேட்டில் பத்தாம் வகுப்பு எழுதிய மலைப் பிள்ளைகள் ஏழு பேரில் நானும் ஒருத்தி. எங்களுக்காகப் பள்ளிக் கடிகாரம் பத்து வருடம் இருபது நிமிடம் பின்னால் ஓடியது.'

"ஜூலை 9, பதினோரு மணிக்கு நேர்ல விசாரிக்கறோம்" என்றார். "நீங்களும் வரணும். ஒரு விசயம் சார், உங்களுக்காகச் சொல்றேன். இந்த லெட்டர் கோப்புல சேந்துருச்சுன்னா வருகைப் பதிவும் சேந்துரும். அப்பறம் அது எங்கெங்க போகும்னு நான் சொல்ல முடியாது."

சிக்கம்மாவை அழைத்தேன்.

"யாரக் கேட்டு அனுப்புனீங்க?"

"யாரக் கேக்கணுமுங்க?"

"பூங்கோதை வேண்டாம்னு சொன்னாங்க."

"தெரியுமுங்க. சாரும் வேண்டாம்னுதான் சொன்னாரு. எல்லாரும் எனக்காகவே வேண்டாம் வேண்டாம்னு சொல்லிட்டு இருந்தா, நான் எப்ப அண்ணா சொல்றது?" பிறகு, "வைக்கறேன், ஊசி போடணும்" என்றார்.

மதியம் சாப்பிடவில்லை. குறிப்பேட்டை மீண்டும் எடுத்தேன். 1980 முதல் 1986 வரை எல்லாக் கட்டுகளையும் பிரித்து, நேரம் எழுதிய எல்லா இடங்களையும் பார்த்தேன். 217 இடங்கள். 'சு.க.' என்ற குறி ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

என் கைக்கடிகாரத்தில் பார்த்த நேரத்துக்கு நான் குறி போடுவதில்லை. சுவரில் பார்த்தாலும், கையில் இருப்பதும் அதுவும் ஒன்றாக இருந்தால் போடுவதில்லை.

ஜூலை 6, சனி

வாக்குமூலம் எழுதினேன். ஒரு பக்கம். முக்கியமான பகுதி இது:

'அன்று உறை பிரிக்கப்பட்டபோது என் கைக்கடிகாரம் காலை 9.45 காட்டியது. பள்ளிச் சுவர்க் கடிகாரம் 9.25 காட்டியது. இரண்டையும் பார்த்தேன். வேறுபாட்டைக் குறிப்பேட்டில் குறித்துக்கொண்டேன். செய்தியில் சுவர்க் கடிகார நேரத்தை மட்டும் எழுதினேன். விசாரணையிலும் அதையே சொன்னேன். என் கடிகாரம் காட்டிய நேரத்தை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது முதல் பக்கத்தில் வந்த என் முதல் செய்தி.'

குறிப்பேட்டின் மூலத்தையும் பொங்கல் படத்தையும் இணைத்தேன்.

கடிகாரம் ஏன் பின்னால் ஓடியது என்பது பற்றி இதில் ஒன்றும் இல்லை. அது எனக்கு அன்று தெரியாது. மணி 9.45 என்று நிறுவ அது தேவையும் இல்லை.

பூங்கோதையிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா, அப்பா கடிகாரத்தத் திருப்பி வெச்சிருக்கவே வேண்டியதில்லீங்க" என்றார். "யாருக்கும் எந்தச் சேதமும் ஆகியிருக்காது."

"ஆமாம்."

"சரிங்க. செவ்வாக்கெழம பாப்போம்" என்று வைத்துவிட்டார்.

ஜூலை 7, ஞாயிறு

நிலுவையில் உள்ளவை.

இரண்டாவது திருத்தம். 'சரிபார்க்கவில்லை' என்பது உண்மையல்ல என்றும், செய்தியாளரின் பெயரைப் போட வேண்டும் என்றும் ஷர்மிளாவுக்கு எழுதியிருக்கிறேன். ஆசிரியரிடம் கேட்டு நாளை மாலைக்குள் சொல்வதாகச் சொன்னார்.

அலுவலகத்தின் முடிவு. ஜூலை 12-க்குள் எழுத்தில் வரும். திறப்பு விழா 15. பெயர்ப் பலகை இன்னும் எழுதக் கொடுக்கவில்லை.

சிக்கம்மாவின் கடிதம். தபால் பதிவேட்டில் ஏறிவிட்டது, கோப்பில் இன்னும் சேர்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவருக்கு முன்பாக என்னை விசாரிக்கக் கேட்டேன். கண்காணிப்பாளர் ஒப்புக்கொண்டார். என் வாக்குமூலத்தை அதிகாரி ஏற்றால், கடிதத்தைக் கோப்பில் சேர்க்காமலே சிக்கம்மாவிடம் திருப்பித் தரலாம் என்றார். ஏற்காவிட்டால் அடுத்து அவரைக் கூப்பிடுவார்கள்.

எது என்பது ஜூலை 9, பதினோரு மணிக்கு மேல் தெரியும்.